முப்பத்தாறு செல்லும் ஒரு பெயர்ப்பலகையும்

மனிதன் சூரியனைக் கும்பிட்டதெல்லாம் போதும், இனி அவனிடம் வேலை வாங்க வேண்டும் என்ற முடிவு 2009ஆம் ஆண்டு மே மாதம் விருத்தாசலத்தில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் குருமூர்த்தி. எடுத்த இடம் ஜங்ஷன் ரோட்டு சலூன். அப்போது அவருக்கு வலது கன்னம் மட்டும் சவரமாகியிருந்தது. இடது கன்னத்துக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. இருட்டில் கத்தி வைக்க மாட்டேன் என்று சலூன்காரர் பீடியோடு வெளியே போய் நின்றுகொண்டார். கழுத்தில் துணியும் கன்னத்தில் காய்ந்த நுரையுமாகக் குருமூர்த்தி அந்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெரிய சிந்தனைகளுக்கு அவ்வளவு நேரம் தாராளம்.

குருமூர்த்திக்குச் செராமிக் எஸ்டேட்டில் ஒரு யூனிட் இருந்தது. ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் அங்கே தயாராயின. அவருடைய விசிட்டிங் கார்டில் 'தொழிலதிபர், சமூக சிந்தனையாளர்' என்று இருந்தது. சலூனிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போய் 'சூரிய ஆற்றல் ஆர்வலர்' என்று மூன்றாவது வரி சேர்க்கச் சொன்னார். மீதிக் கன்னத்தை மறுநாள் பார்த்துக்கொண்டார்.

யூனிட் வாசலில் தொழிலாளர்களைக் கூட்டி, கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மில் ஏறி நின்று அறிவித்தார்.

"மொத பேனலு நம்ம பச்சமுத்துவுக்குத்தான்!"

பச்சமுத்து பத்தொன்பது வருடம் அந்த யூனிட்டின் அரைவை ரூமில் இருந்தவன். வெள்ளைக்கல்லை அரைத்து மாவாக்குவது அவன் வேலை. அந்த மாவு பொம்மையின் கன்னத்தில் ஏறினால் பளபளக்கும். நெஞ்சுக்குள் போனால் வேறு விதமாக இருக்கும். நாற்பத்தாறு வயதில் பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்கினான். இரண்டு வருடமாக வேலையில்லை. "பீடிப் பழக்கம், என்னா பண்றது" என்று குருமூர்த்தி எல்லோரிடமும் வருத்தப்பட்டார். பச்சமுத்து பீடி பிடித்து யாரும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்ல ஒருவர் வேண்டுமே என்று அந்தப் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

பச்சமுத்துவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மிஷினில் ஊற்றி, மாஸ்க்கை மூக்கில் வைத்துப் பத்து நிமிடம் இழுத்தால் நெஞ்சு திறக்கும். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் அட்டவணை போட்டு இரண்டு மணி நேரம் போனது, அட்டவணை போடாமல் இன்னும் கொஞ்சம் போனது. நெஞ்சு அட்டவணையைப் பார்த்து அடைப்பதில்லை. ஆகவே டிரம்மில் நின்றவர் வாயிலிருந்து கணவன் பெயர் வந்ததும் பெரியநாயகி முன்னால் வந்தாள். அவள் அதே யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுபவள்.

"மொதலாளி, ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கிக் குடுத்தீங்கன்னா போதுங்க. கரண்டு இருக்கும்போது சார்ஜ் ஏத்திக்குவோம்."

"அது ஊரெல்லாம் வச்சிருக்கான். அதுல என்னா பெருமை இருக்குது?"

"பெருமைக்குக் கேக்கலீங்க, மூச்சுக்குக் கேக்கறேன்."

"ரெண்டும் சேந்தே வரும், இரு" என்றார் குருமூர்த்தி.

பேனலுக்கான சூரியச் செல்கள் ஷார்ஜாவிலிருந்து வந்தன. கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த பரக்கத்துல்லாவின் மகன் முபாஷிர் அங்கே வேலை பார்த்தான். இன்டர்நெட்டில் இரண்டாந்தரச் செல்கள் நாற்பது வாங்கி, ஊருக்கு வந்த ஒருவர் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்து அனுப்பியிருந்தான். நீல நிறம். அப்பளத்தைவிட மெல்லிசு.

"என்னா பாய், ஓரமெல்லாம் உடைஞ்சு இருக்குது?"

"நீ அனுப்பற ஃபியூஸ் கட்டையவிடக் கம்மியாத்தான் உடைஞ்சிருக்குது, பாரு" என்றார் பரக்கத்துல்லா. அந்தக் கட்டைகளை இருபது வருடமாக விற்றுக்கொடுப்பவர் என்பதால் குருமூர்த்தியைக் கேலி பேச ஊரில் அவருக்கு மட்டும் அனுமதி உண்டு.

முதல் செல்லில் தானே ஈயம் வைப்பதாகக் குருமூர்த்தி சொன்னார். ஃபோட்டோகிராஃபர் வந்தார். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைப் பேனா பிடிப்பது போலப் பிடித்து, கேமராவைப் பார்த்தபடி வைத்ததில் முதல் செல் உடைந்தது. இரண்டாவது, அழுத்தியதில் உடைந்தது. இரண்டாவது உண்மையிலேயே உடைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்ததில் முழங்கை பட்டு மூன்றாவது உடைந்தது. நாலாவதை ஃபோட்டோகிராஃபரே அவர் கையிலிருந்து வாங்கி டப்பாவில் வைத்தார்.

"இன்னும் ரெண்டு ஃபோட்டோ எடுத்தீன்னா பேனலே தேவப்படாது" என்றார் பரக்கத்துல்லா.

ஒரு பேனலுக்கு முப்பத்தாறு வேண்டும். மிச்சம் முப்பத்தேழு. வேலை பெரியநாயகியிடம் வந்தது. ஒரு நாளைக்கு நானூறு கண் எழுதுகிற கை அது. கருவிழி வைக்கும்போது அசைவு வரக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்த வீட்டில் மூச்சைப் பிடித்து வைக்க முடிந்தவள் அவள் ஒருத்திதான்.

முபாஷிர் அனுப்பிய காகிதம் இங்கிலீஷில் இருந்தது. படத்தைக் காட்டிப் பரக்கத்துல்லா சொல்லிக்கொடுத்தார்.

"ஈயப் பட்டைய இதோட மொகத்துல ஒட்டு. அந்த முனைய அடுத்ததோட முதுகுல ஒட்டு. அதோட மொகத்துலேருந்து அதுக்கடுத்ததோட முதுகுக்கு. மொகம், முதுகு, மொகம், முதுகு. இப்பிடியே முப்பத்தாறும்."

"சூளையில சரக்கு ஏத்த ஆளுங்க வரிசையா நிப்பாங்களே, அந்த மாதிரிங்களா? இவன் கையிலேருந்து அவன் கைக்கு?"

"அதேதான் புள்ள. ஒவ்வொருத்தனும் தன் பங்குக்கு அர வோல்ட்டு சேத்து அனுப்பறான். அவ்ளோதான் விஷயம்."

பொம்மையின் விரல் இடுக்கைச் சுரண்டும் மூங்கில் சில்லால் பட்டையை அமுக்கிக்கொண்டு, அயர்னை இரண்டு எண்ணுவதற்குள் வைத்து எடுத்தாள். மூன்று எண்ணினால் சூட்டில் செல் விரியும். கண் எழுதும் வேலை முடிந்த பிறகு தினமும் மூன்று நாலு செல் என்று பதினொரு நாளில் முடித்தாள். ஒன்றும் உடையவில்லை. குருமூர்த்தி அவ்வப்போது வந்து, பின்னால் கை கட்டி நின்று, "ம்" என்றார். செய்தித்தாள் நிருபரிடம் இது பற்றிப் பேசும்போது 'என் வடிவமைப்பில்' என்று தொடங்கினார்.

செல்களை பிளைவுட்டில் ஒட்டி, சட்டத்தில் கண்ணாடி போட்டு, பின்னாலிருந்து பிளைவுட்டைத் திருகி மூடினார்கள். வெயிலில் வைத்து மோட்டார் பைக் பல்பு ஒன்றை மாட்டியதும் எரிந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த பச்சமுத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எரியுதுடி."

"பின்ன, எரியாம? கண்ணு மாதிரி பாத்துப் பாத்து வச்சது."

"பொம்மக் கண்ணு ஒண்ணும் பாக்காதே" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரித்தால் இருமல் வரும் என்பதால் அவள் மட்டும் சிரித்தாள்.

அன்றைக்கே பேனலை அவர்கள் வீட்டு மாடிக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் பெயர் இல்லாத ஒரு பொருளைத் தானமாக அனுப்பக் குருமூர்த்திக்கு மனம் வரவில்லை. கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தால்கூட உபயம் என்று எழுதி வெளிச்சத்தில் பாதியை வாங்கிக்கொள்கிற ஊர். அதில் தொழிலே பீங்கான் என்கிறபோது பெயரை பெயிண்டிலா எழுதுவது? ஒரு ஜாண் நீளத்தில் நீலப் பளபளப்பும் வெள்ளை எழுத்துமாகப் பலகை சுடச் சொன்னார். 'தொழிலதிபர் குருமூர்த்தி சூரிய ஒளித் திட்டம்'. முதல் பலகை சூளையில் வளைந்தது. இரண்டாவதில் 'தொழிலதிபர்' மங்கிவிட்டது. மூன்றாவது தேறிவர பத்து நாள் ஆயிற்று. அதுவரை பேனல் அவர் ஆபீஸில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

பலகையை எங்கே வைப்பது என்று யோசனை வந்தது. சட்டத்தின் மரம் அகலம் போதவில்லை. பின்பக்கம் வைத்தால் யார் பார்ப்பது? கண்ணாடியின் மேலேயே, கீழ் வரிசையின் நடுவில், அரால்டைட் போட்டு ஒட்டினார்கள். இரண்டு செல்களை அது மூடியது.

"ரெண்டு செல்லு மறையுதுங்களே" என்றாள் பெரியநாயகி.

"முப்பத்தாறுல ரெண்டுதானே."

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பச்சமுத்து குடியிருந்தது யூனிட்டுக்குச் சொந்தமான லைன் வீடு. மாடியில் பேனல், கீழே ஒற்றை அறையில் பேட்டரி, பக்கத்தில் கரண்டில் சார்ஜ் ஏற்ற வசதியில்லாத குட்டி இன்வெர்ட்டர், அதற்கு மாலை. நகர நலச் சங்கத் தலைவர் சுவிட்சைப் போட்டார். மிஷின் 'டர்' என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் பச்சமுத்துவுக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மாஸ்க்கை மாட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டு இழுப்பா" என்று ஃபோட்டோகிராஃபர் கேட்டார். அவனும் மரியாதைக்கு இழுத்தான். இந்த யுகம் சூரியனுடையது என்று தலைவர் பேசினார். பேட்டரி முந்தின நாள் கடையிலேயே முழுசாகச் சார்ஜ் ஏற்றப்பட்டு வந்திருந்தது. அந்த விழாவில் சூரியனுக்கு வேலை எதுவும் இல்லை.

நாலாம் நாள் பேட்டரி படுத்தது.

பெரியநாயகி மாடிக்கு ஓடினாள். நல்ல வெயில். பேனலில் பல்பை மாட்டினாள். எரியவில்லை. யூனிட்டில் விஷயம் தெரிந்ததும் குருமூர்த்தி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பொம்மக் கண்ணு எழுதற கைக்கு எலக்ட்ரானிக்ஸ் வருமா? நான் அப்பவே சொன்னேன்." எப்போது என்று யாருக்கும் ஞாபகமில்லை. தன் கைதான் எங்கோ தவறியிருக்கும் என்று பெரியநாயகிக்கும் பயம் வந்துவிட்டது. பேட்டரியைச் சைக்கிளில் கட்டிச் சார்ஜ் கடைக்கு அனுப்பினாள். ஒரு நாள் முழுக்க அங்கே கிடந்து வந்தது, இரண்டு நாளில் மறுபடி படுத்தது. அந்த நாட்களில் மின்வெட்டு நேரம் நெருங்கினால் பச்சமுத்து பேச்சைக் குறைத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவான். அவள் யூனிட்டில் கண் எழுதிக்கொண்டே மணியைப் பார்ப்பாள். ஒரு பெட்டிப் பொம்மை முழுக்க ஒன்றரைக் கண்ணாகப் போய்த் திரும்பி வந்தது.

லீவு சொல்லிவிட்டு மாடியில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு திருகையும் கழற்றி, செல்களோடு பிளைவுட்டை வெளியே எடுத்து, ஒவ்வொரு ஒட்டாக நகத்தால் தூக்கிப் பார்த்தாள். எதுவும் விட்டுப்போகவில்லை. கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று, திறந்தபடியே பல்பை மாட்டினாள். எரிந்தது. சந்தோஷமாக மூடினாள். அணைந்தது. திறந்தாள், எரிந்தது. மூடினாள், அணைந்தது.

கண்ணாடி வெளிச்சத்தை மறைக்காது. கண்ணாடிக்கு மேல் இருப்பதைப் பார்த்தாள். மறுபடி திறந்து, எரிகிற பல்பைப் பார்த்தபடி ஒரே ஒரு செல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பல்பு செத்தது. கையை எடுத்தாள். வந்தது.

குற்றம் தன் கையில் இல்லை என்ற நிம்மதி அரை நிமிடம் இருந்தது. பிறகு, இதை யார் போய்ச் சொல்வது என்ற யோசனை வந்தது.

"மொதலாளி" என்றாள், ஆபீஸ் வாசற்படிக்கு வெளியே நின்று. "பேரு மறைக்குதுங்க."

"என்னது?"

"பலகைங்க. அந்த ரெண்டு செல்லுக்கு வெயிலு வரலீங்க. அதனால எதுவுமே வேல செய்யலீங்க."

குருமூர்த்தி சாய்ந்து உட்கார்ந்தார். "ஏம்மா, நம்ம யூனிட்டுல ரெண்டு பேரு லீவு போட்டா மத்தவன்லாம் வேல செய்யலியா? ரெண்டு போனா மிச்சம் முப்பத்தி நாலு ஓடட்டுமே."

"இது அப்பிடி இல்லீங்க. சூளைக்குச் சரக்கு கை மாத்திக் குடுக்கற மாதிரிங்க. நடுவுல ரெண்டு பேரு கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டா, இந்தப் பக்கம் எத்தினி பேரு இருந்தும் சரக்கு அந்தப் பக்கம் போவாதுங்க."

"ஓகோ. அப்ப கையக் கட்டிக்கிட்டு நிக்கறது என் பேரு."

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லலீங்க."

"வேற எப்பிடிச் சொன்ன? ஊரு முழுக்க ஃபோட்டோ பாத்தாச்சு. பேப்பர்ல வந்தாச்சு. இப்ப பேர எடுத்தா நாலு பேரு என்னா கேப்பான்? இந்தா பாரு, என் பேரு இருக்கற கண்ணாடி அந்த பேனலு மேலதான் இருக்கும். புடிக்கலேன்னா சொல்லு, பேனலு ஆபீசுக்கு வந்துடட்டும்." சற்று நிறுத்தி, "வூடும் யூனிட்டு வூடுதான், ஞாபகம் வச்சுக்க" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து, பலகையோடு இருந்த கண்ணாடிக்குக் கீழே செல்களை வைத்துப் பன்னிரண்டு திருகையும் திருகினாள்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. மூன்றேகாலுக்குப் பச்சமுத்துவின் நெஞ்சு அடைத்தது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் யூனிட் கேட்டில் வந்து கத்திய குரலுக்குப் பெரியநாயகி பிரஷ்ஷோடு ஓடினாள். அவன் தரையில் இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். உதடு கறுத்திருந்தது. பக்கத்தில் மாலை காய்ந்துபோன இன்வெர்ட்டர். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை அவள் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே பெட்டிகளை எண்ணினாள். ஐம்பத்தெட்டு.

பிழைத்துக்கொண்டான். ஆக்சிஜன் வைத்து, இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். கட்டிலில் இருந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினான்.

"எவ்ளோ நீளம் அந்தப் பேரு?"

"ஒரு ஜாணு."

"கோவிச்சுக்காம... கொஞ்சம் சின்னதா... எழுதிக்கச் சொல்லேன்."

"சும்மா கெட."

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பரக்கத்துல்லா கடைக்குப் போனாள்.

"பாய், வரிசையில ரெண்டு பேரு கையக் கட்டிக்கிட்டு நிக்கறான். அவனுங்கள வெளிய தள்ளவும் முடியல. அவனுங்களுக்கு முன்னாடி இருக்கறவன் இவனுங்களத் தாண்டி அந்தப் பக்கத்துக்காரன் கையில நேராக் குடுத்துட்டா?"

பரக்கத்துல்லா டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "குடுக்கலாம் புள்ள. அந்த ரெண்டோட பட்டைய வெட்டி வுட்டுட்டு ஒரு ஒயரப் போட்டு தாண்டிடு. முப்பத்தி நாலு போதும். கொஞ்சம் கம்மியா வரும். ஆனா வரும்."

"மொதலாளிகிட்ட சொல்லணுங்களா?"

"எதுக்கு? அவரு பேருக்கு ஒரு கொறையும் வரலியே. பேரு அங்கதான் இருக்குது. வேலதான் இல்ல."

கரண்ட் வந்த நேரம் பார்த்து அயர்னைச் சூடாக்கினாள். பெயருக்கு அடியில் இருந்த இரண்டு செல்களின் பட்டைகளையும் வெட்டிவிட்டு, முன்னால் இருந்ததிலிருந்து பின்னால் இருந்ததற்கு ஒரு சிவப்பு ஒயர் போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். மூடினாள். பல்பு, பெயரோடு சேர்ந்தே, எரிந்தது. மாலைக்குள் பேட்டரிக்கு உயிர் வந்தது. அடுத்த மின்வெட்டில் மிஷின் 'டர்' என்றபோது பச்சமுத்து மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். பத்து நிமிடம் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

செய்தி குருமூர்த்திக்கு எட்டியது. அன்றே வந்து பார்த்தார்.

"பாத்தியா? பேரு மறைக்குதுன்னியே!"

"என் தப்புதாங்க மொதலாளி. ஒரு எடத்துல ஒட்டு விட்டிருந்துச்சுங்க."

"அதச் சொல்லு. அன்னைக்கு ஆபீசு வாசல்ல நின்னு என்னா பேச்சு பேசின." மன்னித்துவிட்டார். அவர் மன்னித்த விஷயமும் அடுத்த வாரச் செய்தியில் ஓரமாக வந்தது.

அதிலிருந்து அவர் ஆட்களை அழைத்துவர ஆரம்பித்தார். திட்டக்குடியிலிருந்து ஒரு ரோட்டரி நண்பர், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு ஹெட்மாஸ்டர், ஒரு தடவை சம்பந்தி வீட்டார். மின்வெட்டு நேரத்தில் வந்தால்தான் திட்டத்தின் அருமை தெரியும் என்பதால் அந்த நேரமாகப் பார்த்து வந்தார். மாடியில் பலகையைக் காட்டி முப்பத்தாறு செல் என்றார். கீழே வந்து, பேட்டரியும் இன்வெர்ட்டரும் சும்மா இருந்தால் பார்ப்பவர்களுக்கு எப்படிப் புரியும் என்று, தன் செல்போன் சார்ஜரை எடுத்துச் செருகி, "ஏறுது பாருங்க, சூரியன்லேருந்து நேரா ஏறுது" என்று காட்டினார். முழுசாக ஏறும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பச்சமுத்து மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். பெரியநாயகி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையும் செல்போனில் கோடுகள் ஏறுவதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த இன்வெர்ட்டரில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருந்தது.